மதுரைச் சமவெளியின் குடும்ப இடுகாடுகள்: ஒரு மரபுரிமை நோக்கு

பொருளும் எல்லையும்

மதுரை நகரின் எல்லை தாண்டி உசிலம்பட்டிக்கோ திருமங்கலத்துக்கோ மேலூருக்கோ செல்லும் வழிகளில், கிணற்று மேட்டை ஒட்டியும் புஞ்சையின் மூலையிலும் வரப்போரத்து வேம்பின் அடியிலும், ஒரு சென்ட் இரண்டு சென்ட் பரப்பில் சில மண்மேடுகளும் சுண்ணாம்பு பூசிய பீடங்களும் உழவுக்கு விலக்கி விடப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரே குடும்பத்தாரோ பங்காளிகளோ தங்கள் சொந்த நிலத்தில் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்த இடங்கள் இவை. ஊரார் வழக்கில் தோட்டத்துச் சமாதி என்றோ, அங்கே அடக்கமானவரின் உறவுமுறையால் அய்யா சமாதி, அப்பத்தா சமாதி என்றோ வழங்கும் இவ்விடங்களைக் குடும்ப இடுகாடு என்ற பொதுப்பெயரால் இச்சொற்பொழிவு குறிக்கிறது. ஊர்ப்பொதுவான மயானமும், ஜமாஅத்தின் பொறுப்பில் உள்ள மையவாடியும், திருச்சபையின் கல்லறைத் தோட்டமும் இவற்றிலிருந்து வேறானவை. அவற்றுக்கு நிர்வாகம் உண்டு, பொறுப்பாளர் உண்டு. குடும்ப இடுகாட்டுக்கோ அக்குடும்பத்தின் நினைவைத் தவிர வேறு காவல் இல்லை.

மரபுரிமை, அதாவது முன்னோர் விட்டுச்சென்றவற்றுள் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்கத் தக்கவை என்று ஒரு சமுதாயம் ஏற்றுக்கொள்ளும் பொருள்களும் வழக்கங்களும், தமிழகத்தில் பெரும்பாலும் கோயில், கோட்டை, கல்வெட்டு, அகழாய்வுக் களம் என்னும் அளவோடு நின்றுவிடுகிறது. எழுதப்பட்ட வரலாற்றில் இடம்பெறாத உழவர் குடும்பங்களுக்கு அவர்களின் இடுகாடே ஆவணக் காப்பகம் என்பதும், பழமையாலோ அடக்கமானவரின் புகழாலோ அன்றி நிலமும் உறவும் வழிபாடும் ஒரே இடத்தில் இன்றும் பிணைந்திருப்பதாலேயே அது மதிப்புப் பெறுகிறது என்பதும், அதைக் காக்கும் முதற்பணி முறையான பதிவே என்பதும் இங்கு நிறுவப்படும் கருத்துகள்.

வைகைக் கரையின் நீண்ட மரபு

இறந்தோரைக் குடியிருப்புக்கு அருகே மண்ணில் வைத்துப் பேணும் வழக்கம் வைகைச் சமவெளிக்குப் புதிதன்று. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடி, கொந்தகை, அகரம், மணலூர் என்னும் நான்கு ஊர்களை உள்ளடக்கித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2020-இல் விரிவுபடுத்திய அகழாய்வில், கீழடி வாழ்விடமாகவும் கொந்தகை அதன் ஈமக்காடாகவும் இருந்தமை தெளிவாயிற்று. கொந்தகையில் கிடைத்த முதுமக்கள் தாழிகளில், அதாவது இறந்தோரின் உடலையோ எலும்பையோ வைத்துப் புதைத்த பெரிய மட்கலங்களில், எலும்புகளோடு சிறு கலயங்களும் இரும்புக் கருவிகளும் சூதுபவள மணிகளும் இருந்தன. அங்குள்ள எலும்புகளின் மரபணுக்களை ஆராயும் பணியில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் ஈடுபட்டது; இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் உள்ள ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் உருவாக்கிய முகவடிவங்கள் 2025-இல் வெளியாயின.

நகருக்குள்ளேயே பழங்காநத்தத்தை ஒட்டிய கோவலன் பொட்டலில், 1980-ஆம் ஆண்டையொட்டி மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது தாழிகளும் மனித எலும்புக்கூடுகளும் வெளிப்பட்டன. அதற்கும் முன்னதாக, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ மதுரையை அடுத்த பரவையிலும் அனுப்பானடியிலும் தாழிக்காடுகளை ஆராய்ந்தார். இன்று அனுப்பானடி மாநகராட்சிக்குள் அடங்கிய குடியிருப்புப் பகுதியாகிவிட்டது. பதிவு செய்யப்பட்ட ஒரு புதைகளமே ஒரு நூற்றாண்டுக்குள் தெருக்களின் அடியில் மறைந்துபோகும் என்றால், எந்தப் பதிவும் இல்லாத சிறு இடுகாட்டின் நிலை என்னவாகும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

இலக்கியச் சான்றுகளும் இம்மரபை உறுதிசெய்கின்றன. சுடுதல், வெறுமனே இடுதல், குழி தோண்டிப் புதைத்தல், கீழறையில் அடைத்தல், தாழியில் கவித்தல் என ஐவகை ஈமமுறைகள் ஒரே நகரின் புறத்தே வழங்கியதை மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் பற்றிய காதை காட்டுகிறது. கணவனை இழந்த பெண் ஒருத்தி, தனக்கும் உள்ளே இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவரை வேண்டும் பாடல் புறநானூற்றில் உள்ளது. இறந்த பின்னும் உறவினர் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்ற விருப்பம், குடும்ப இடுகாட்டின் அடிப்படையாக இன்றும் விளங்கும் அதே விருப்பம், எவ்வளவு பழையது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வீரனுக்குக் கல் நடும் முறையைக் கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு படிகளாகத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. வைகையின் மேற்பள்ளத்தாக்கில் ஆண்டிபட்டியை அடுத்த புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த மூன்று நடுகற்கள், தமிழி என்னும் தொல்லெழுத்தில் இறந்தோரின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்டவனுக்கு எடுக்கப்பட்டது.

பிற்காலத்தில் இம்மரபு இரண்டு கிளைகளாக விரிந்தது. அரசர் அடக்கமான இடத்தின்மேல் எழுப்பப்படும் கோயிலாகிய பள்ளிப்படை ஒரு கிளை; திருச்சுழியை அடுத்த பள்ளிமடத்தில் சுந்தர பாண்டியனுக்கு எடுக்கப்பட்டது பாண்டிய நாட்டில் அதற்குச் சான்று. எளிய குடும்பங்கள் தம் நிலத்திலும் ஊரெல்லையிலும் நட்ட கற்கள் மற்றொரு கிளை. நாயக்கர் காலத்தில் உசிலம்பட்டி, ஆண்டிபட்டிப் பகுதிகளில் குடியேறிய கம்பளத்தார் தங்கள் முன்னோருக்கு எடுத்த மாலைக்கோயில்கள் இக்கிளையைச் சேர்ந்தவை. கோயில் என்று பெயர் பெற்றாலும் இவை பலகைக் கற்களால் ஆன சிறு அமைப்புகளே. உள்ளே வாளோ ஈட்டியோ ஏந்திய வீரனும், அவனருகே உடன்கட்டை ஏறிய மனைவியரும் புடைப்புச் சிற்பமாக நிற்பர். உடன்கட்டை என்னும் கொடுமை போற்றத் தக்கதன்று. ஆயினும் அப்பெண்களின் உருவம் பொறித்த ஒரே சான்று அக்கல்லாக இருக்கும்போது, அது அழிவது அவர்களை இரண்டாம் முறை இழப்பதாகவே முடியும். அகால மரணம் அடைந்தவரைப் பட்டவன் என்று பெயரிட்டு வழிபடுவதும், மணமாகாமல் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாக வீட்டில் வைத்துக் கும்பிடுவதும் இம்மரபின் இன்றைய தொடர்ச்சிகள்.

சமாதி தரும் செய்திகள்

குடும்ப இடுகாடு ஒன்றை அருகிருந்து நோக்கினால் அது பல அடுக்குகள் கொண்ட சான்று என்பது விளங்கும். மிகப் பழையவை என்று குடும்பத்தார் சுட்டும் மேடுகளில் பெயரே இராது. தலைமாட்டில் நட்ட ஒரு முண்டுக்கல் மட்டும் இருக்கும். அதற்கு அடுத்த தலைமுறையினருக்குச் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய பீடமும், அதன் முகப்பில் விளக்கு வைக்கும் மாடக்குழியும் அமைந்திருக்கும். பின்னர் சிமெண்டுப் பூச்சும், ஈரம் காயுமுன் ஆணியாலோ குச்சியாலோ கீறிய எழுத்தும் வரும். அதற்கும் பின்னர் மெருகேற்றிய கருங்கல் பலகையும், தோற்றம், மறைவு என்னும் தலைப்புகளில் பொறித்த நாள்களும், வண்ண ஓட்டில் பதித்த நிழற்படமும் வரும். இவ்வரிசை ஒரு குடும்பத்தின் வருவாய் எப்போது உயர்ந்தது, எழுத்தறிவு எந்தத் தலைமுறையில் வந்தது, வெளியூர்ப் பணம் எப்போது வீட்டுக்குள் நுழைந்தது என்பதையெல்லாம் பொருள்வடிவில் காட்டுகிறது.

எழுத்துள்ள பீடங்களில் தமிழ் ஆண்டின் பெயரும் மாதமும் கிழமையும் முதலில் இடம்பெற்று, காலப்போக்கில் ஆங்கில நாள்காட்டி அதன் இடத்தைப் பிடிப்பதும் கவனிக்கத்தக்கது. பெண்ணின் பெயர் தனித்து நிற்கிறதா, கணவரின் பெயரோடு சேர்ந்தே வருகிறதா, பிறந்த ஊர் குறிக்கப்படுகிறதா என்பவை பெண்ணின் நிலை பற்றிய செய்திகள். இன்னாரின் பேரப்பிள்ளைகள் உபயம் என்ற அடிக்குறிப்பு, யார் யார் பங்காளிகள், யாருக்குப் படையல் உரிமை உண்டு என்பதை நிறுவும் குடிவழிச் சான்றாகப் பயன்படும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்ட பிறகும் நெடுங்காலம் சிற்றூர்களில் பல இறப்புகள் பதிவாகாமலே போயின. அத்தகைய ஊரில் பெயரோடும் நாளோடும் நிற்கும் ஒரு கல், பதிவுப் புத்தகம் விட்டுவிட்டதை ஈடுசெய்கிறது.

கல்லும் காரையும் ஒரு பகுதியே. இறந்த வீட்டார் நீர்மாலை எடுத்து வருவதும், கொள்ளிக்குடம் உடைப்பதும், மறுநாள் குழிமேட்டில் பால் தெளிப்பதும், கேதத்துக்கு வந்தவர் கூடி ஒப்பாரி வைப்பதும், ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் படையல் இடுவதும் அவ்விடத்தோடு சேர்ந்த வழக்கங்கள். ஒப்பாரிப் பாடல்களில் இறந்தவரின் தொழில், வெட்டிய கிணறு, கட்டிக்கொடுத்த மகள்கள், தீராத கடன் எல்லாம் பெயர் சொல்லிப் பாடப்படும். எந்த ஏட்டிலும் ஏறாத அச்செய்திகள் பாடும் பெண்களின் நாவில் மட்டும் வாழ்கின்றன. உழவுச்சால் படாத அந்த ஒரு சென்ட் நிலத்தில் ஆவாரையும் எருக்கும் நொச்சியும் கற்றாழையும் தாமே நிலைத்து நிற்பதால், சுற்றுப்புறம் முழுதும் மாறிய பின்னும் அவ்வட்டாரத்தின் பழைய தாவர வகைகள் சில அங்கே எஞ்சுகின்றன.

பதிவு பெற்றோரும் பெறாதோரும்

இந்தியாவில் கல்லறைகளைப் பதிவு செய்யும் பணி நடைபெறாமல் இல்லை. 1905-இல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து வெளியிட்டார். தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியர் கல்லறைகளைப் பேணுவதற்கென்றே 1976-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் தோன்றியது. இவற்றின் பயனாகப் படை அலுவலர்களும் வணிகரும் மறைபணியாளரும் எங்கே அடக்கமானார்கள் என்பதை நூலகத்தில் அமர்ந்தே அறிய முடிகிறது. அதே மண்ணில் ஏரி வெட்டியவர்களும் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி நடத்தியவர்களும் ரங்கூனுக்கும் கண்டிக்கும் சென்று உழைத்துத் திரும்பியவர்களும் எங்கே கிடக்கிறார்கள் என்பதற்கு அத்தகைய தொகுதி எதுவும் இல்லை. இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்வது வரலாற்றுத் துறையின் கடமை.

மதிப்பை அளக்கும் அளவுகோல்கள் உலகில் வகுக்கப்பட்டே உள்ளன. ஆஸ்திரேலியாவில் 1979-இல் ஏற்கப்பட்ட, மரபுரிமை இடங்களின் பாதுகாப்புக்கான பர்ரா சாசனம், ஓர் இடத்தின் மதிப்பை அழகியல், வரலாறு, அறிவியல், சமூகம் என்னும் நோக்குகளிலும், பின்னர் சேர்க்கப்பட்ட ஆன்மிகம் என்னும் நோக்கிலும் அளக்கச் சொல்கிறது. அமெரிக்க ஒன்றியத்தின் தேசிய வரலாற்று இடப் பதிவேடு பொதுவாகக் கல்லறைகளைச் சேர்ப்பதில்லை. ஆயினும் தனிச்சிறப்புடையவற்றை எவ்வாறு மதிப்பிடுவது என்பதற்கு அது 1992-இல் தனி வழிகாட்டி வெளியிட்டது. நாட்டுப்புறக் குடும்பக் கல்லறைகளும் அந்நாட்டில் இத்தகைய மதிப்பீட்டுக்கு உட்படுகின்றன. மதுரைச் சமவெளியின் குடும்ப இடுகாட்டை இந்த அளவுகோல்களில் வைத்தால், அழகியல் நோக்கில் அது அடக்கமானதே. வரலாறு, அறிவியல் நோக்குகளில் முன்னர்க் கூறியவாறு செறிவானது. சமூக, ஆன்மிக நோக்குகளிலோ பாதுகாக்கப்பட்ட பல பெருஞ்சின்னங்களுக்கு இல்லாத ஒன்று அதற்கு உண்டு. அங்கே அடக்கமானவரைத் தம் முன்னோர் என்று உரிமையோடு அழைப்போர் இன்றும் அந்த நிலத்தில் ஏர் பூட்டுகிறார்கள்.

சாதியும் நிலமும்

இம்மதிப்பைப் பேசும்போது ஓர் உண்மையை ஒதுக்கிவிட முடியாது. சொந்த நிலத்தில் அடக்கம் செய்வதற்குச் சொந்த நிலம் வேண்டும். தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் மயானமும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடக்கிறது. அங்கே செல்லும் பாதையும் பூசலுக்குரியதாகிறது. 2019-இல் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், மயானத்துக்குச் செல்லும் வழி அடைபட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்க நேர்ந்தது நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது; உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

எனவே குடும்ப இடுகாட்டின் மரபுரிமை மதிப்பு சாதிப் பிரிவினைக்குச் சான்றிதழாக ஆகிவிடக் கூடாது. நிலமுடைய குடும்பத்தின் கருங்கல் பீடத்தைப் பதிவு செய்யும் எந்த முயற்சியும், ஓடைப் புறம்போக்கில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்ட கூலி உழவரின் மேட்டையும் அதே அக்கறையோடு பதிவு செய்ய வேண்டும். கல் நடக்கூட வசதியற்றவர்களுக்கு வாய்மொழி நினைவே கல்லாக நிற்பதால், அந்நினைவைக் கேட்டு எழுதுவது முன்னதைவிட விரைந்து செய்ய வேண்டிய பணி.

சட்டமும் பதிவேடும்

பழஞ்சின்னங்களைக் காக்க நடுவண் அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. இவை நூறாண்டுக்குக் குறையாத பழமையும், முறையான அறிவிக்கையும் பெற்ற இடங்களையே காப்பவை. குடும்ப இடுகாடு ஒவ்வொன்றையும் அவற்றின்கீழ் கொண்டுவருவது இயலாது. இயன்றாலும் விரும்பத்தக்கதன்று, ஏனெனில் அறிவிக்கப்பட்ட சின்னத்தில் படையல் இடவும் பீடத்தைச் செப்பனிடவும் குடும்பத்துக்கே அனுமதி தேவைப்படும்.

வருவாய்த் துறை ஆவணங்களிலும் இவற்றுக்கு இடம் இல்லை. ஊரின் நிலங்கள் அனைத்தையும் புல எண் வாரியாக விவரிக்கும் அ-பதிவேட்டில் பொது மயானம் புறம்போக்கு என்ற வகையில் இடம்பெறும்; பட்டா நிலத்துக்குள் அமைந்த சமாதியோ புன்செய் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துவிடும். நிலத்தை விற்கும்போது சமாதி உள்ள இடத்தை நீக்கியும், அங்கே சென்றுவர நடைபாதைப் பாத்தியத்தை நிறுத்திக்கொண்டும் கிரயப் பத்திரம் எழுதும் குடும்பங்கள் உண்டு. அவ்வாறு எழுதாதபோது, நிலம் இரண்டு மூன்று கை மாறி மனைப்பிரிவாகும் நாளில் அம்மேட்டைச் சுட்டிக்காட்ட எந்தத் தாளும் இருப்பதில்லை. சாலைக்காக நிலம் எடுக்கும்போதும் இதே குறை நேர்கிறது. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் மறுகுடியமர்வுப் பகுதியில் இடுகாடோ சுடுகாடோ அமைத்துத் தர வேண்டும் என்று கூறுகிறது. இனி இறப்போருக்கு அது இடம் தருமே தவிர, ஏற்கெனவே அடக்கமானவரைப் பற்றிய சான்றைக் காப்பதில்லை.

இதனோடு மற்றொரு மாற்றமும் சேர்ந்துள்ளது. ஊராட்சிப் பகுதிகளில் இடுகாடு, சுடுகாடு அமைப்பது தொடர்பாக 1999-இல் வகுக்கப்பட்ட விதிகள், பதிவு பெற்ற இடத்துக்கு வெளியே அடக்கம் செய்வதற்கு ஊராட்சியின் உரிமத்தைக் கட்டாயமாக்கியதோடு, குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் விலகலையும் வலியுறுத்துகின்றன. பொதுநலம் கருதிய இவ்விதிகள் தேவையானவை. நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்கள் தங்கள் இறந்தோரைத் தத்தனேரி மின்மயானத்துக்குக் கொண்டுசென்று சாம்பலை நீரில் கரைத்துவிடுவதும் இன்று இயல்பாகிவிட்டது. ஆகவே புதிய குடும்ப இடுகாடுகள் இனிப் பெருகப்போவதில்லை. இன்று எஞ்சியிருப்பவையே இறுதித் தொகுதி. பெருகும் ஒன்றில் சில அழிந்தால் இழப்பு சிறிது. முடிவுற்ற தொகுதியில் ஒன்று அழிந்தாலும் அதை ஈடுசெய்ய வழியில்லை.

செய்யத்தக்கவை

பதிவின் வலிமையை மதுரை மாவட்டமே அண்மையில் கண்டது. மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் குன்றுகளும் சுனைகளும் குடைவரையும் சமணப் படுகையும் அமைந்த 193.215 எக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டுக்குப் பின் அப்பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிவானபோது, சுற்றுவட்டார உழவர் திரண்டு எதிர்க்க, சட்டப்பேரவையும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்ற, 2025 ஜனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. மக்களின் ஒற்றுமையே வெற்றிக்கு முதற்காரணம். எனினும் அவர்கள் கையில் பெயரும் பரப்பும் குறித்த ஓர் அறிவிக்கை இருந்தது அவர்களின் வாதத்துக்கு நிலையான அடிப்படை தந்தது.

உயிரினங்களுக்காக 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஊர்தோறும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்படுவதைப் போல, முன்னோர் அடக்கத்தலங்களுக்கும் ஊராட்சி அளவில் ஒரு பதிவேடு தொடங்குவது முதற்பணி. புல எண், பரப்பு, மேடுகளின் எண்ணிக்கை, பொறித்த வாசகம், குடும்பத்தார் கூறும் வரலாறு, நிற்கும் மரங்கள், நடைபாதை ஆகியவை அதில் குடும்பத்தின் இசைவோடு இடம்பெற வேண்டும். அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, காமராசர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வரலாற்று, தமிழ் மாணவர்கள் விடுமுறைக் காலத்தில் செய்து முடிக்கத்தக்க களப்பணி இது. தேய்ந்த எழுத்தைப் படிக்கக் கல்லைச் சுரண்டவோ அமிலம் ஊற்றவோ கூடாது. வெயில் சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ நிழற்படம் எடுத்தாலே பெரும்பாலான எழுத்துகள் புலப்படும். சுண்ணாம்புக் காரைப் பீடத்தைச் சுண்ணாம்பு கொண்டே செப்பனிட வேண்டும். மேலே சிமெண்டு பூசினால் உள்ளே தங்கும் ஈரம் செங்கல்லை அரித்துவிடும்.

இரண்டாவதாக, இப்பதிவேட்டில் ஏறிய இடங்களை அ-பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் ஒரு வரியாகச் சேர்க்க வருவாய்த் துறை ஆணையிட வேண்டும். அந்த ஒரு வரி நிலவுரிமையை மாற்றாது. ஆனால் மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருபவரும் சாலைக்கு அளவைக்கல் நடுபவரும் அதைப் பார்த்துக் கடந்துபோக முடியாது. மூன்றாவதாக, இடம் பெயர்க்க வேண்டிய கட்டாயம் உண்டாகும்போது, முறையான அளவையும் நிழற்படமும் எடுத்து, எலும்புகளையும் கற்களையும் குடும்பத்தாரின் சடங்கோடு மாற்றும் செலவைத் திட்டச் செலவில் சேர்க்க வேண்டும்.

இவை எவற்றுக்கும் பெரும்பொருள் தேவையில்லை. ஊராட்சியின் ஒரு பதிவேடும், வட்டாட்சியர் அலுவலகத்தின் ஒரு வரியும், பெயரற்ற மேட்டில் அடக்கமானவர் யார் என்பதை இன்னும் சொல்லக்கூடிய முதியோரிடம் சென்று கேட்கும் மாணவர்களும் போதும். முதலிரண்டுக்கும் காலம் காத்திருக்கும், கடைசியதற்குக் காத்திராது. ஆதலால் அப்பெயர்களைக் கேட்டு எழுதும் பணி, சட்டமும் ஆணையும் வரும்வரை பொறுத்திராமல், இந்த ஆண்டிலேயே தொடங்கப்பட வேண்டும்.